ஏரியும் அச்சும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் தாம்பரத்தில் அமைக்கப்பெற்ற லினோலிய அச்சுப்படக் கண்காட்சியைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)



ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசுவதற்குரிய பொருள்கள் பல உண்டு. எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர், எத்தனை பெண்மக்கள் பள்ளிப்படிப்பை முடித்தனர் என்பனவற்றையெல்லாம் செயலாளர் தம் அறிக்கையில் முறையாக எடுத்துரைத்தார். எனக்கு அளிக்கப்பட்டதோ பக்கத்து அறையில் தொங்கும் படங்களைப் பற்றிப் பேசும் பணி. இன்று காலை அப்படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது முதியவர் ஒருவர் அருகில் வந்து, "பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி சொல்வதை விட்டுவிட்டுக் கொக்கையும் கோரையையும் படம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, இது எதற்கு ஐயா?" என்று கேட்டார். அது நேர்மையான கேள்வி. இரண்டு தலைமுறையாகப் பசியை அறிந்த ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி. என் உரை முழுவதும் அவருக்குக் கூறும் விடையாகவே அமையும்.

முதலில், இப்படங்கள் எவ்வாறு உண்டாயின என்பதைக் காண்போம். இவை தூரிகையால் தீட்டப்பட்டவை அல்ல. லினோலியம் என்னும் விரிப்பின் துண்டில் உருவத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த அச்சுகள். லினோலியம் என்பது தரையில் விரித்து நடப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் என்பவர், ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுத் தோல்போல் தடித்துவிடுவதைக் கண்டார். அந்த எண்ணெயோடு தக்கைத் தூளையும் மரப்பிசினையும் சேர்த்துத் துணியின்மேல் அழுத்தித் தரைவிரிப்பு ஆக்கினார். இலத்தீன் மொழியில் ஆளிச்செடிக்கு லீனும் என்றும் எண்ணெய்க்கு ஓலியும் என்றும் பெயர். இரண்டும் சேர்ந்து லினோலியம் ஆயிற்று. பிறர் மிதிப்பதற்கென்று பிறந்த அப்பொருளைப் பின்னர் ஓவியர்கள் கையில் எடுத்தனர். மரக்கட்டைக்கு இழையோட்டம் உண்டு. அதற்கு எதிராக உளியைச் செலுத்தினால் மரம் பிளந்துவிடும். லினோலியத்திற்கு இழையோட்டம் இல்லை. எத்திசையிலும் உளி செல்லும். வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இன்னும் இளகிக் கொடுக்கும். நம் தாம்பரத்து வெயிலில் அதற்கு ஒருநாளும் குறைவில்லை.

செதுக்கும் முறையை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். உளி வெட்டி எடுத்த இடம் தாளில் வெண்மையாக நிற்கும். வெட்டாமல் விட்ட இடம் மையை வாங்கிக் கருமையாக எழும். ஆகவே கொக்கைச் செதுக்க விரும்புகிறவன், கொக்கின் வெண்மையை அகழ்ந்தெடுத்து, அதனைச் சூழ்ந்த நீரின் கருமையை விட்டுவைக்கிறான். எதை நீக்குவது, எதை நிறுத்துவது என்பதை முன்னரே முடிவு செய்தாக வேண்டும். வெட்டிய பின்னர் மீண்டும் ஒட்ட வழியில்லை. மற்றொன்று, பலகையில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். இடப்பக்கம் பார்க்கும் பறவை வலப்பக்கம் பார்க்கும். எழுத்தானால் தலைமாற்றிச் செதுக்கினால்தான் நேராக வரும். இதற்குப் பெரிய எந்திரம் வேண்டுவதில்லை. கண்ணாடித் துண்டில் மையைப் பரப்பி, உருளையால் எடுத்துப் பலகையில் தடவி, மேலே தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் போதும், அச்சு எழுந்துவிடும்.

ஒரு பலகையிலிருந்து இருபது, முப்பது, ஐம்பது படிகள் எடுக்கலாம். அவற்றுள் எதுவும் நகல் அன்று; ஒவ்வொன்றும் மூலமே. ஓவியர் ஒவ்வொரு படியின் அடியிலும் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பம் இடுவார். 3/20 என்று கண்டால், இருபது படிகளுள் அது மூன்றாவது என்று கொள்ளுங்கள். வண்ண ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும். அச்சுப்படமோ இருபது எளியவர் வீடுகளுக்குச் செல்லும். இக்கலை உலகெங்கும் ஏழை எளிய மக்களின் பக்கம் நின்றதற்கு இதுவே முதற் காரணம். அதற்குச் சான்றாக மூவரை மட்டும் கூற விழைகின்றேன்.

முதலாமவர் நந்தலால் போஸ். சாந்திநிகேதனில் கலைப்பள்ளியை நடத்தியவர். 1930-ஆம் ஆண்டில் இரவீந்திரநாத தாகூர் குழந்தைகளுக்காகச் 'சகஜ் பாட்' என்னும் வங்காள எழுத்துப் பாடநூலை வெளியிட்டார். அந்நூலுக்கு நந்தலால் லினோவில் செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்களே அமைந்தன. வங்கத்துக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்தையும் மரத்தையும் மனிதனையும் ஒரே பக்கத்தில் கற்றனர். அதே ஆண்டில், கைத்தடியோடு நடக்கும் காந்தியாரையும் அவர் லினோவில் செதுக்கினார். காந்தியாரோடு நம் சமுதாயத்திற்கு உள்ள கருத்து வேறுபாட்டை நான் மறைக்க மாட்டேன். 1932-ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தை மறந்தவர் இங்கு எவரும் இல்லை. ஆயினும் அப்படத்தின் கலைத்திறனைக் கற்பது வேறு, அரசியலை ஏற்பது வேறு. இன்னொன்றும் கூறுவேன். அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய நம் அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படியை ஓவியங்களால் அழகு செய்தவர்கள் இதே நந்தலாலும் அவருடைய மாணவர்களுமே. எழுத்தறிவிக்கும் முதல் நூலிலும் உரிமை கூறும் முதல் நூலிலும் ஒரே கலைஞரின் கை பட்டிருக்கிறது.

இரண்டாமவர் சித்தப்பிரசாத். 1915-இல் பிறந்து 1978-இல் மறைந்தவர். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது பட்டினி கிடந்த ஊர்களுக்கு நடந்து சென்று, கண்டவற்றை மையால் வரைந்து 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் நூலாக்கினார். வெள்ளை அரசு அந்நூற்படிகளைக் கைப்பற்றி அழித்தது. பின்னர் பம்பாயில் வாழ்ந்த காலத்தில் லினோலியத்தைத் தம் கருவியாகக் கொண்டு, உழைக்கும் குழந்தைகளையும் உழவர்களையும் செதுக்கினார். பிறப்பால் அந்தணர்; சாதி வேற்றுமையை ஏற்க மறுத்துத் தம் பெயரோடு ஒட்டியிருந்த குடிப்பெயரை வாழ்நாள் முழுவதும் துறந்தவர்.

மூன்றாமவர் ஜான் முவாஃபாங்கெஜோ. 1943 முதல் 1987 வரை வாழ்ந்த கறுப்பின அச்சோவியர். அங்கோலாவில் பிறந்து நமீபியாவில் வாழ்ந்தவர். அந்நாள் நமீபியா தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் பிடியில் இருந்தது. கறுப்பின மாணவருக்குக் கலைக்கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில், தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னுமிடத்தில் லுத்தரன் திருச்சபையைச் சார்ந்த ஒரு கலைக்கூடம் அவருக்குக் கதவைத் திறந்தது. அங்கு அவர் கற்ற கலை இந்த லினோ அச்சே. அவர் தம் படங்களில் விலங்கையும் வீட்டையும் மனிதரையும் செதுக்கியதோடு நிற்கவில்லை. இது இன்ன நிகழ்ச்சி, இவர் இன்னார் என்னும் வாசகங்களையும் படத்துக்குள்ளேயே செதுக்கினார். தம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதற்கு இடம் வைக்காமல் தாமே எழுதிக்கொண்டார்.

அன்பர்களே, தம்மைத் தாமே அச்சில் எழுதிக்கொள்ளும் இம்மரபு நமக்குப் புதியதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக அச்சிட்டு நிமிர்ந்து நின்றார். அவர் பிறந்த கோழியாளம், மதுராந்தகத்தை அடுத்த சிற்றூர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். விலை பெயரிலேயே இருந்தது. எவரும் வாங்கலாம் என்பதே அதன் பொருள். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' இதழைக் கொணர்ந்தார். ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். பறங்கிமலையில் பிறந்த எம்.சி. இராஜா அவர்கள் 1925-இல் ஒடுக்கப்பட்டோரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி அச்சேற்றினார். அந்நாளில் ஈய எழுத்துகளைத் தலைமாற்றி அடுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியே இதழ்கள் வெளிவந்தன. இங்குத் தொங்கும் படங்களும் அதே முறையின் உடன்பிறப்புகள்.

இனி, இப்படங்கள் காட்டும் பொருளுக்கு வருகின்றேன். இருபத்திரண்டு படங்கள் உள்ளன. பனை, வேம்பு, புங்கு, களாச் செடி, நீர்க்கோரை, கொக்கு, மீன்கொத்தி, தாழைக்கோழி, கூழைக்கடா, உடும்பு, தும்பி என்று நம் பகுதியின் உயிர்களே எங்கும் நிற்கின்றன. இவற்றைச் செதுக்கிய தம்பி நம் மாலைப் பள்ளியில் பயின்றவர். பெயரைக் கூறிப் புகழ்வது அவருக்குக் கூச்சத்தைத் தருகிறது, ஆகவே தவிர்க்கின்றேன்.

இயற்கை என்றால் ஓய்வுள்ளவர்கள் கண்டு களிக்கும் காட்சி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நமக்கு இயற்கை காட்சியாக வந்ததில்லை; வேலையாகவே வந்தது. கோரையின் இயல்பை நாம் அறிந்தது அதனை அறுத்துச் சுமந்த வழியால். பனையின் இயல்பை அறிந்தது அதன் ஓலையை வேய்ந்த வழியால். ஏரியை அறிந்ததோ அதனைக் காத்த வழியால். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளால் பெயர்பெற்றது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். சிட்லப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இச்சங்கிலித் தொடரை இயக்கியவர் யார்? பல ஊர்களில் நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் அழைக்கப்பட்டவர்கள். மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பங்கிடுவதும், மழை இரவில் கரை உடைகிறதா என்று விளக்கோடு நடந்து பார்ப்பதும் அவர்களுடைய கடமை. அறுவடையில் சில படி நெல் அவர்களுக்குக் கூலி. அவர்களுள் பெரும்பாலோர் நம் மக்களே.

இதிலுள்ள கொடுமையை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊருக்கே நீர் பங்கிட்டவனுக்கு ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை இல்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது ஏன் ஒரு போராட்டமாயிற்று என்பது அப்போதுதான் விளங்கும். குளம் என்பது இயற்கை. அதன் கரையில் சாதி நின்றது. ஆகவே ஏரியை ஒருவர் படமாகச் செதுக்கும்போது, கரையில் யார் நின்றார், யார் தடுக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலை என்ன? 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. வயல்கள் மனைகளாயின, மதகுகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று, நீர்க்கட்டி என்னும் சொல்லையே நம் பிள்ளைகள் அறியார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை நாம் கண்டோம். நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அந்த வழியைச் சொல்லத்தக்க மனிதர்கள் கேட்பாரின்றி இருந்தனர். 2022-இல் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஏரிகளைக் காப்போம் என்று பேசப்படும்போதெல்லாம், கரையில் குடிசை போட்டவனே ஏரியைக் கெடுத்தான் என்னும் பேச்சும் உடன் வருகிறது. நகரத்தின் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். அவையும் மழைக்காலத்தில் நீர் சூழும் தாழ்நிலங்களே. காத்தவன் கணக்கில் இல்லை. கெடுத்தவன் என்று மட்டும் பெயர் எழுதப்படுகிறது. இக்கணக்கைத் திருத்த வேண்டுமானால் நாம் எழுதவும் வரையவும் அச்சிடவும் வேண்டும்.

இப்போது அறையின் கடைக்கோடியில் தொங்கும் இரண்டு படங்களைப் பற்றிக் கூற வேண்டும். இருபத்திரண்டில் மனிதர் இடம்பெற்றவை அவை இரண்டே. இரண்டிலும் உருவம் ஒன்றே: மதகின்மேல் குனிந்து நிற்கும் முதியவரின் முதுகு; சுற்றிலும் கோரை; தொலைவில் ஒரு கொக்கு. அவர் யார் என்று தம்பியைக் கேட்டேன். "என் பாட்டனார் ஐயா. இந்த ஏரிக்கு அவர்தாம் கடைசி நீர்க்கட்டி" என்றார். படத்தின் அடியில் பாட்டனாரின் பெயரைச் செதுக்கியிருக்கிறார். முதற் பலகையில் இடவலம் மாற்றாமல் எழுதிவிட்டார். அச்செடுத்தபோது பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி வந்தது. நான்கு இரவு உழைத்த பலகை அது. மறுநாள் புதிய பலகை எடுத்து முழுவதையும் மீண்டும் செதுக்கி, பெயரை நேராக வரச்செய்தார். முதற்படத்தை ஏன் வீசவில்லை என்று கேட்டேன். "அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர் ஐயா. பெயர் ஒருமுறை தவறி வந்தாலும் வந்தது அவர் பெயர்தானே, அதைக் கிழிக்க மனம் வரவில்லை" என்றார்.

காலையில் என்னைக் கேட்ட பெரியவருக்கு என் விடை இதுவே. ஐயா, இந்த அச்சுக்கலை ஒரு குடும்பத்திற்கு அன்றாடம் சோறு போடும் என்று நான் பொய்யுரைக்க மாட்டேன். பட்டமும் பணியும் நமக்கு முதற்கண் வேண்டும்; இச்சங்கம் அதற்காகவே தோன்றியது. ஆனால் கைரேகை வைத்தவரின் பேரன் தன் பாட்டனின் பெயரை இருபது தாள்களில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் தன் கையொப்பத்தையும் இட்டிருக்கிறானே, அதுவும் கல்வியின் பயன்தான். நம் முன்னோர் கட்டிய கரையில் அவர்களுடைய பெயர் இல்லை. காத்த மதகில் இல்லை. அவர்கள் அறிந்த நீரின் அறிவு எந்த ஏட்டிலும் அவர்கள் பெயரால் இல்லை. பெயரெழுதும் முறை ஒன்று இப்போது நம் கைக்கு எட்டியிருக்கிறது. அது விலையும் குறைந்தது.

இளைஞர்களுக்குச் சில சொற்கள். உளியைப் பிடிக்கும் முன்னர்க் கண்ணைப் பழக்குங்கள். தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தபோது இருந்த குத்துக்காடு இன்றும் அதன் வளாகத்தில் நிற்கிறது. நன்மங்கலத்தில் காப்புக்காடு இருக்கிறது. உங்கள் தெரு முனையில் ஓர் ஏரி இருக்கிறது. வீட்டில் பாட்டியார் இருந்தால், செடிக்கு அவர் கூறும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயரோடு படத்தைச் செதுக்குங்கள். உளியை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்புறமாகவே செலுத்துங்கள். தாங்கும் கை உளியின் பின்னால் இருக்கட்டும். இக்கலையை முறையாகக் கற்க விரும்புவோருக்கு, 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் பார்வையாளராகச் செல்லட்டும், மாணவராகவும் செல்லட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாலைப் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் இக்கலைக்கு ஒதுக்குங்கள். சில உளிகள், ஓர் உருளை, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு குப்பி மை போதும். நம் முதியோரிடம் ஏரியைப் பற்றியும் மதகைப் பற்றியும் மாணவர்கள் கேட்டெழுதி, அவற்றைப் படங்களோடு அச்சிட்டு ஒரு சிறு நூலாக்கட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலரே நம்மிடையே உள்ளனர். அடுத்த விழாவரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அறைக்குள் செல்வோர் அந்த இரண்டு படங்களின் முன் சற்று நின்று, தலைமாறிய பெயரையும் நேரான பெயரையும் படித்துவிட்டுச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கின்றேன்.